கொளவாய்க் கரையில் ஆங்கிலத் தேர்வு

பள்ளி வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தலைமையாசிரியர்களை வரிசையாக நிறுத்துவார்கள், கட்டடங்களுக்குத் தேதி போடுவார்கள், பெரிய உத்தியோகத்துக்குப் போன பழைய மாணவர்களை எண்ணிக் காட்டுவார்கள். அதற்கெல்லாம் இம்மலரில் வேறு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். செங்கற்பட்டு மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்து, பின்னால் ஆங்கிலம் கற்பித்தே காலம் தள்ளியவன் என்பதால் ‘நம் பள்ளியும் ஆங்கிலமும்’ என்ற தலைப்பை என்னிடம் தள்ளிவிட்டார்கள். நான் அதைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன். ஆங்கிலத்தைவிட ஆங்கிலத் தேர்வுதான் இந்த ஊரை அதிகம் ஆட்டிவைத்திருக்கிறது. மெட்ரிகுலேஷன், எஸ்.எஸ்.எல்.சி., பி.யு.சி., பிளஸ் டூ என்று பெயரை மாற்றிக்கொண்டு அது கல்லூரி வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

அந்த வாசலில் நம்மோடு நிற்கிற கூட்டங்களில் பெரியது சீனமொழி பேசுகிறவர்களுடையது. அவர்கள் பாடு தெரிந்தால்தான் நம் பாடு சரியாக விளங்கும் என்பது என் கட்சி. ஆகவே இது செங்கற்பட்டில் தொடங்கிச் சீனம் வரை போய்விட்டு மறுபடி மாமல்லபுரத்தில் கரையேறும் கட்டுரை. மலர்க்குழுவினர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சீனர்களுக்கும் நம் வட்டாரத்துக்கும் இருந்த உறவில் ஆங்கிலத்துக்கு வேலையே இல்லாத காலம்தான் நீளமானது. காஞ்சிபுரம் 1997 வரை செங்கற்பட்டு மாவட்டத்தோடு இருந்த ஊர். அதனால் அதை நம் கணக்கில் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. காஞ்சியில் பிறந்த தர்மபாலர் நாளந்தாவின் தலைவரானார். அவருடைய மாணவர் சீலபத்திரர். அந்தச் சீலபத்திரரிடம் பாடம் கேட்க ஏழாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து நடந்து வந்தவர் யுவான் சுவாங். நாளந்தாவில் நுழைவுத் தேர்வு இருந்தது என்பதை அவர் எழுத்தில்தான் அறிகிறோம். வாயிற்காவலரே கேள்வி கேட்பாராம். வருகிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் பதில் சொல்ல முடியாமல் திரும்பிப் போவார்களாம். அது முழுக்க வாய்மொழித் தேர்வு என்பதைக் கவனியுங்கள். பின்னால் இது வேண்டியிருக்கும்.

யுவான் சுவாங்குக்குப் பின் வந்த இ-சிங் இன்னும் சாமர்த்தியசாலி. 671இல் குவாங்சோவிலிருந்து கப்பலேறியவர் நேரே இந்தியாவுக்கு வரவில்லை. சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தில் இறங்கி ஆறு மாதம் சமஸ்கிருத இலக்கணம் படித்துவிட்டுத்தான் மேற்கே நகர்ந்தார். இந்தியாவுக்குப் படிக்கப் போகிற சீனத் துறவிகள் அங்கே ஓரிரு ஆண்டுகள் தங்கி மொழியைப் பழகிக்கொள்வது நல்லது என்று எழுதியும் வைத்தார். வெளிநாட்டுப் படிப்புக்கு முன்னால் ஒரு கோச்சிங் சென்டர் என்ற ஏற்பாடு தாம்பரத்திலோ வேளச்சேரியிலோ பிறந்ததல்ல.

அதற்கப்புறமும் இரு தரப்பாரும் ஒருவர் மொழியில் ஒருவர் பேசிக்கொண்டார்கள். சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் சீன எழுத்தும் உண்டு. 1409ஆம் ஆண்டுத் தேதியோடு சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ இலங்கையின் காலியில் நிறுத்திய கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள் இருக்கின்றன. நம் சதுரங்கப்பட்டினத்துக்கு வந்த டச்சுக்காரர்கள் தங்கள் கல்லறைகளில் டச்சு மொழியைச் செதுக்கிவிட்டுப் போனார்கள். ஆங்கிலம் இந்தக் கரையில் ரொம்பப் பிந்தி வந்த விருந்தாளி.

வந்தபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஆட்களின் கையில் வந்தது. ராபர்ட் மாரிசன் என்ற பாதிரியார் 1818இல் மலாக்காவில் ஆங்கிலோ-சீனக் கல்லூரியைத் தொடங்கினார். சீனப் பையன்களுக்கு ஆங்கிலம், ஐரோப்பியர்களுக்குச் சீனம் என்பது அதன் திட்டம். ஜேம்ஸ் லெக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1843இல் அதை ஹாங்காங்குக்கு எடுத்துப் போனார். சென்னையில் ஸ்காட்லாந்து திருச்சபையின் ஜான் ஆண்டர்சன் 1837 ஏப்ரலில் ஆர்மீனியன் தெருவில் ஆங்கிலப் பள்ளியைத் திறந்தார். அதன் கிளை 1839இல் காஞ்சிபுரத்துக்கும் 1840இல் செங்கற்பட்டுக்கும் வந்தது. இன்று செயின்ட் கொலம்பாஸ் என்று ஊரார் சொல்லும் பள்ளியின் வேர் அந்த ஸ்காட்லாந்து மிஷன்தான். கொலம்பா ஆறாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து கடல் கடந்து போய் ஸ்காட்லாந்தின் அயோனா தீவில் மடம் அமைத்தவர். கொளவாய் ஏரிக்கரைக்கு எப்படி வந்தார் என்று பிள்ளைகள் யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்.

ஆண்டர்சனின் நோக்கம் மதப்பிரசாரம் என்பதை அவர் ஒளிக்கவில்லை. ஊரும் அதை அறிந்தே பிள்ளைகளை அனுப்பியது. 1838இல் தீண்டத்தகாதவர் எனப்பட்ட சாதிச் சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டபோது சாதி இந்து மாணவர்கள் பலர் வெளியேறினார்கள். ஆண்டர்சன் அந்தச் சிறுவர்களை வெளியே அனுப்ப மறுத்துவிட்டார். 1841இல் இராஜகோபால், வேங்கடராமையா முதலிய மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது பள்ளி கிட்டத்தட்டக் காலியானது. ஆனால் கொஞ்ச நாளில் மறுபடி நிரம்பியது. கோர்ட்டிலும் கச்சேரியிலும் ஆங்கிலம் தெரிந்தவனுக்குத்தான் நாற்காலி என்றான பிறகு பெற்றோருக்கு வேறு வழி இல்லை. பையன் பைபிளைப் படித்துவிட்டு வந்தால் வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்துகொள்ளலாம். ஆங்கிலம் இல்லாமல் வந்தால் எதை ஊற்றுவது?

அக்காலப் பாடமுறையில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. எல்லாம் வாய்விட்டுத்தான் நடந்தது. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை முன்னால் சொல்ல மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள், விரலால் மணலில் எழுதுவார்கள். எழும்பூர் ஆண்கள் ஆதரவில்லத்தில் கண்காணிப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் 1790களில் இதைப் பார்த்துத் தன் பள்ளியில் கையாண்டார். இங்கிலாந்துக்குத் திரும்பி அதையே ‘மெட்ராஸ் முறை’ என்று பரப்பினார். நம் திண்ணை வாத்தியார் கண்டுபிடித்தது கப்பலேறிப் போய், மிஷன் பள்ளி என்ற பெயரில் திரும்பி வந்தது. வாத்தியார் கேள்வி கேட்பார், பையன் எழுந்து நின்று ஆங்கிலத்தில் பதில் சொல்வான். தப்பாகச் சொன்னால் அடுத்தவன் திருத்துவான். உச்சரிப்பில் ஸ்காட்லாந்து வாடை அடித்திருக்கலாம். பேச்சு என்னவோ இருந்தது.

அந்தப் பேச்சை அடக்கியது 1857. சென்னைப் பல்கலைக்கழகம் அந்த ஆண்டு செப்டம்பர் 5இல் உருவானது. அதே மாதத்தில் முதல் மெட்ரிகுலேஷன் தேர்வும் நடந்தது. 41 பேர் எழுதினார்கள், 36 பேர் தேறினார்கள். முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்து வந்தவர்கள். ஆங்கிலத்தில் தேறிய முதல் ஆட்களில் ஒருவரான தாமோதரம்பிள்ளைதான் பிற்காலத்தில் கலித்தொகையை அச்சில் ஏற்றினார். ஆங்கிலம் படித்தவன் தமிழை மறப்பான் என்று சொல்கிறவர்களுக்கு இதை நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவேன்.

மெட்ரிகுலேஷனில் எல்லாப் பாடமும் காகிதத்தில்தான். வாய் திறக்க வேண்டியதில்லை. அதோடு 1860களில் அரசு பள்ளிகளுக்கு மானியம் கொடுக்கும் விதியில் ‘தேர்ச்சிக்கேற்ற மானியம்’ என்ற ஒன்று புகுந்தது. இன்ஸ்பெக்டர் வந்து சோதிக்கும்போது எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ அதற்கேற்பப் பணம். வாத்தியாரின் அடுப்பு பையனின் மதிப்பெண்ணில் எரிய ஆரம்பித்தது. அப்புறம் அவர் எதைக் கற்பிப்பார்? கேள்வித்தாளில் வருவதை. மனப்பாடம் நம் பிறவிக் குணம் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் குறிப்பெழுதினார்கள். அந்தக் குணத்துக்குக் காசு கொடுத்து வளர்த்தது அவர்களுடைய விதிதான். நோட்ஸ் வியாபாரம் இங்கே தழைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

தேர்வு யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்பதற்கு நம் பகுதியிலேயே உதாரணங்கள் உண்டு. அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவின் துள்ளத்தில் பிறந்த திரு.வி.க. இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்தவர். தம் ஆசிரியர் கதிரைவேற்பிள்ளைக்காக அருட்பா வழக்கில் சாட்சி சொல்லப் போனதால் இறுதித் தேர்வை எழுத முடியாமல் போனது. அதன்பின் அவர் எந்தச் சான்றிதழும் இல்லாமலேயே தமிழ் உரைநடையை ஆண்டார். மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு ஐ.சி.எஸ். தேர்வை இலண்டனோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது எதிர்ப்பு மனு அனுப்பிய கூட்டத்தை நடத்தியவரும் அவர்தான். தேர்வு இங்கே வந்தால் ஏற்கெனவே ஆங்கிலம் படித்த சாதிகள் மட்டுமே பதவியில் உட்கார்ந்து தங்கள் மக்கள்மீது அதிகாரம் செய்வார்கள் என்பது அவர் வாதம். தேசியவாதிகளுக்குக் கசந்த மனு அது. தேர்வு நியாயமானதா என்று கேட்பதற்கு முன் தேர்வுக்குத் தயாராகும் வசதி யாருக்கு இருக்கிறது என்று கேட்டவர் அவர். பின்னாளில் தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து, 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் ஆங்கிலத்திலேயே பேசினார்.

இராமானுஜன் கதை எல்லாருக்கும் தெரியும். கும்பகோணத்தில் ஆங்கிலக் கட்டுரைத்தாளில் தவறி உதவித்தொகையை இழந்தார். சென்னையில் மறுபடி முயன்றும் எஃப்.ஏ. தேறவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் சொல்லி ஆறுதல் தேடும் பையன் ஒருவன் இருப்பான். கணக்கில் நீ எத்தனை என்று கேட்டால் உட்கார்ந்துவிடுவான்.

நம் தாய்ப்பள்ளியான சென்னை ஆண்டர்சன் பள்ளியின் பக்கம் திரும்புவோம். வில்லியம் மில்லர் 1862இல் சென்னைக்கு வந்தார். அதே ஆண்டில்தான் சீன அரசு தன் முதல் ஆங்கிலப் பள்ளியான தொங்வென் குவானைப் பெய்ஜிங்கில் திறந்தது. அபினிப் போரில் தோற்று, மொழிபெயர்க்க நம்பகமான ஆள் இல்லாமல் ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டதன் விளைவு அது. மில்லரின் கையில் ஆண்டர்சன் பள்ளி கல்லூரியாகி, 1877இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்ற பெயர் பெற்றது. ஷேக்ஸ்பியரை அவர் நடத்தும் விதம் பேர்போனது. அந்த விரிவுரைகளைப் புத்தகமாகவும் போட்டார். அவருடைய மாணவர்தான் பரிதிமாற் கலைஞர் என்ற சூரியநாராயண சாஸ்திரியார். பி.ஏ.வில் தமிழிலும் தத்துவத்திலும் முதலாவதாக வந்தவர், தமிழ் ஆசிரியர் வேலையையே கேட்டு வாங்கிக்கொண்டார். 1937இல் நூறாண்டு நிறைவில் கல்லூரி தாம்பரத்துச் சேலையூர்க் காட்டுக்கு வந்தது. 2019 நவம்பர் 29இல் செங்கற்பட்டு தனி மாவட்டமானபோது தாம்பரமும் அதில் சேர்ந்தது. தாயும் மகளும் இப்போது ஒரே மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம், எல்லாரும் வாழ்ந்து பார்த்தவைதான். 1956இல் இன்டர்மீடியட் போய் பி.யு.சி. வந்தது. பள்ளியில் தமிழில் படித்த பிள்ளை பி.யு.சி. வகுப்பில் திடீரென்று ஆங்கில வெள்ளத்தில் இறக்கிவிடப்பட்டான். அந்த ஓராண்டில் மூழ்கிய கிராமத்துப் பிள்ளைகளுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. 1960இல் கோவை அரசுக் கலைக்கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு சோதனையாகத் தொடங்கி மெல்லப் பரவியது. 1968இல் இருமொழிக் கொள்கை வந்தது. 1978இல் பிளஸ் டூ வந்து பி.யு.சி.யை விழுங்கியது. செய்யூரிலிருந்தும் திருக்கழுக்குன்றத்திலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு இன்று செங்கற்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பகுதி இரண்டில் எழுதித் தேற வேண்டிய தாளாக.

இப்போது சீனாவுக்குப் போவோம். அங்கே கல்லூரியில் படிக்கும் எல்லாத் துறை மாணவர்களுக்கும் பொதுவாக ஓர் ஆங்கிலத் தேர்வு உண்டு. நான்காம் நிலை 1987இலும் ஆறாம் நிலை 1989இலும் தொடங்கின. ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும். உலகில் இதைவிட அதிகம் பேர் எழுதும் ஆங்கிலத் தேர்வு அநேகமாக இல்லை. நெடுங்காலம் பல பல்கலைக்கழகங்கள் நான்காம் நிலை தேறாதவனுக்குப் பட்டமே கொடுக்கவில்லை. 2005 சீர்திருத்தத்துக்குப் பின் தேர்ச்சி-தோல்வி என்பதை எடுத்துவிட்டு 710க்கு மதிப்பெண் அறிக்கை கொடுக்கிறார்கள். 425 வாங்கினால் ஆறாம் நிலைக்குப் போகலாம். கேட்டுப் புரிந்துகொள்வதற்கு 35 விழுக்காடு, வாசிப்புக்கு 35, எழுதுவதற்கும் மொழிபெயர்ப்புக்கும் சேர்த்து 30. கேட்கும் பகுதிக்குக் கல்லூரி வளாகத்தில் எஃப்.எம். அலைவரிசையில் ஒலிபரப்புவார்கள். ஒவ்வொரு மாணவனும் சொந்த ஹெட்போனைக் கொண்டுவர வேண்டும். நடுவில் பேட்டரி தீர்ந்துவிட்டால் அந்தப் பையன் கதி அதோகதி.

படிக்கும் முறையைச் சொன்னால் நம் வீட்டுக் கதை மாதிரியே இருக்கும். நாலாயிரத்துச் சொச்சம் சொற்கள் கொண்ட பட்டியலை அகரவரிசையில் உருப்போடுவது, பழைய வினாத்தாள்களை வாங்கி விடை பொருந்தும்வரை போடுவது, கட்டுரைக்கு முன்னும் பின்னும் ஒட்டவைக்கத் தயார் வாக்கியங்களை மனப்பாடம் செய்வது. நடுநிலைப் பள்ளி முதல் பத்தாண்டுக்கு மேல் படித்தும் வாய் திறக்க வராத இந்த ஆங்கிலத்துக்கு அங்கே ‘ஊமை ஆங்கிலம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். இதற்கு எதிராகக் கிளம்பியவர் லி யாங். லான்சோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் மறுபடி மறுபடி தோற்றவர், திறந்தவெளியில் நின்று உரக்கக் கத்திப் படித்துத் தேறினார். 1990களில் விளையாட்டரங்குகளில் ஆயிரக்கணக்கானோரைக் கூட்டிவைத்துக் கத்தக் கற்றுக்கொடுத்தார். கோமாளித்தனம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது திண்ணைப் பள்ளியில் முறை சொன்ன சத்தமாகவே கேட்கிறது.

சீனப் பிள்ளைக்கு இருக்கும் தொல்லைகள் சில நமக்கு இல்லை. அவர்கள் மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது. நேற்றா நாளையா என்பதை வேறு சொல் காட்டும். பேச்சில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே ஒலி என்பதால் நன்றாகப் படித்தவர்கள்கூட ஆங்கிலம் பேசும்போது ஆணைப் பெண்ணாக்கிவிடுவார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இறந்தகாலமும் எதிர்காலமும் தாய்ப்பாலோடு வந்தவை. அவன் தடுமாறுவது வேறு இடங்களில். மெய்யெழுத்துகள் கூடி வந்தால் முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து ‘இஸ்கூல்’ என்பான். வினையைக் கடைசியில் வைத்துப் பழகியதால் ஆங்கில வாக்கியத்தை மனத்தில் தலைகீழாகத் திருப்பிவிட்டுத்தான் வெளியே விடுவான். ஒரு பொருளை அடையாளம் காட்டப் பெயருக்கு முன்னால் ஆங்கிலம் போடும் சின்னச் சொற்கள் இரண்டு மொழியிலும் இல்லை. அதில் மட்டும் சீனனும் தமிழனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தப்பைச் செய்வார்கள்.

இருவரும் நிஜமாகவே ஒரே பெஞ்சில் உட்காரும் இடம் மலேசியா. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர ‘மூயெட்’ என்ற ஆங்கிலத் தேர்வு 1999இலிருந்து நடக்கிறது. சீனப் பள்ளியில் தொடங்கிய பிள்ளையும் தமிழ்ப் பள்ளியில் தொடங்கிய பிள்ளையும் ஒரே தாளை எழுதுகிறார்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு பகுதிகள். பேசும் பகுதியில் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பொருளை விவாதிக்கவும் வேண்டும். பேசாமல் முழு மதிப்பெண் வாங்க வழி கிடையாது. மாரிசனின் கல்லூரி இருந்த மலாக்கா இருக்கும் நாடு இந்த ஒரு விஷயத்தில் நமக்கு முன்னால் போய்விட்டது என்று நான் சொல்வேன்.

சீனத் தேர்வில் எனக்குப் பிடித்தது அந்த மொழிபெயர்ப்புப் பகுதி. 2013 டிசம்பரிலிருந்து அதில் ஒரு பத்தி கொடுக்கிறார்கள். பெரும்பாலும் சீனரின் பண்டிகையோ உணவோ வரலாறோ பொருளாதாரமோ அதில் இருக்கும். தன் ஊரைப் பற்றி அயலானுக்கு ஆங்கிலத்தில் சொல்லத் தெரிய வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. நம் வினாத்தாளில் வேடந்தாங்கலுக்கு எந்த மாதம் என்ன பறவை வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. திருக்கழுக்குன்றத்து மலையில் கழுகுக்குச் சோறு வைத்த கதையைக் கேட்டதில்லை. எப்போதும் யாரோ ஒரு வெளிநாட்டுக் கிழவர் மீன் பிடித்த கதைதான். சதுரங்கப்பட்டினத்தில் வலை பின்னுகிற வீட்டுப் பையன் அதற்குக் கோனார் நோட்ஸைப் பார்த்து விடை எழுதுகிறான்.

மாமல்லபுரத்துக்கு வந்தால் இந்த வேடிக்கை முற்றும். 2019 அக்டோபர் 11, 12இல் பிரதமர் மோதியும் சீன அதிபர் ஷி சின்பிங்கும் அங்கே சந்தித்தார்கள். வேட்டி கட்டிய மோதி அர்ச்சுனன் தபசையும் கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்தையும் காட்ட, இருவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர்கள் நடந்தார்கள். தமிழ்நாட்டையும் ஃபூஜியன் மாகாணத்தையும் சகோதர மாநிலங்களாக்குவது என்றும் பேசி முடித்தார்கள். சுவான்சோ கல்வெட்டு கிடைத்தது அந்த ஃபூஜியனில்தான். தலைவர்களுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. தேவைப்படுவது, அதே தபசுச் சிற்பத்துக்கு எதிரே கல் யானை விற்கும் பையனுக்கு.

அவன் பேசுவான். வெண்ணெய்ப் பந்து ஏன் உருளவில்லை என்பதில் ஆரம்பித்து, கருங்கல்லுக்கும் மாவுக்கல்லுக்கும் என்ன வேறுபாடு, பார்சல் அனுப்ப எத்தனை நாளாகும், உங்கள் ஊரில் இப்போது குளிரா என்பதுவரை அத்தனையும் பேசுவான். பிரெஞ்சுக்காரர் வந்தால் அதிலும் நாலு வாக்கியம் விடுவான். வகுப்பில் கடைசி பெஞ்ச். அரையாண்டுத் தேர்வில் ஆங்கிலத்தில் ஒற்றை இலக்கம். அவனுக்கு முன்னால் உட்கார்ந்து தொண்ணூறு வாங்கும் பெண்ணைக் கடற்கரைக் கோயிலுக்கு வழி கேட்கும் வெளிநாட்டாரிடம் நிறுத்தினால் சிரித்துக்கொண்டே ஒதுங்கிவிடுவாள். இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். இந்த வட்டாரத்தில் ஆங்கிலம் நடத்திய எல்லாருக்கும் தெரியும். அவர்களில் யாருக்கு ஆங்கிலம் வரும் என்று நம் தேர்வைக் கேட்டால் அது பெண்ணைக் காட்டும். வாயிற்காவலர் கேள்வி கேட்ட நாளந்தா வாசலில் இருவரும் நின்றிருந்தால் கல் யானைக்காரன் உள்ளே போயிருப்பான், பெண் திரும்பியிருப்பாள். இரண்டுமே அநியாயம்.

இது வெறும் மதிப்பெண் சமாசாரமாக இருந்த காலம் போய்விட்டது. பரனூர் மகேந்திரா வேர்ல்டு சிட்டியிலும், காட்டாங்குளத்தூர்க் கல்லூரிகளின் கேம்பஸ் இன்டர்வியூவிலும் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலைகளில் சீனமொழி பேசும் பொறியாளர்களும் நம் பிள்ளைகளும் ஒரே இயந்திரத்தின் இரு பக்கம் நிற்கிறார்கள். ஒருவர் ஊமை ஆங்கிலத்தில் 425க்கு மேல் வாங்கியவர், மற்றவர் நோட்ஸ் படித்துப் பகுதி இரண்டில் தேறியவர். இருவரும் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். இயந்திரம் நின்றுவிட்டால் கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறக்கிறார்கள். யுவான் சுவாங் இதைப் பார்த்தால் என்ன சொல்வாரோ.

மாநில அரசு 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் பேச்சு ஆங்கிலத்தைச் சேர்த்திருப்பது நல்ல காரியம். ஆனால் பாடவேளைக்கு வெளியே, சான்றிதழுக்கு வெளியே வைக்கிற எதையும் நம் பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள். பெற்றோர் அதைவிட மதிக்க மாட்டார்கள். 1860களின் மானிய விதி நமக்குக் கற்றுத்தந்த பாடம் அது. எதற்கு மதிப்பெண்ணோ அதுதான் பாடம். ஆகவே ஆங்கிலத் தாளில் நூற்றுக்கு முப்பதாவது வாய்மொழிக்கு ஒதுக்க வேண்டும், அதை வேறு பள்ளி ஆசிரியர் வந்து சோதிக்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. செலவாகும்தான். அறிவியல் செய்முறைத் தேர்வுக்கு வெளி ஆசிரியரை அனுப்பும் அரசுக்கு இது முடியாத காரியமில்லை.

அது வரும்வரை பழைய மாணவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். பரண்மேல் தாத்தாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமோ, பழைய ஆங்கில வினாத்தாளோ, மிஷன் காலத்துப் பாடநூலோ கிடந்தால் எடைக்குப் போடாமல் பள்ளி நூலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள். இந்தக் கட்டுரையில் நம் பள்ளி வகுப்பறைக்குள் நடந்தது குறைவாகவே வந்திருப்பதற்கு அந்தக் காகிதங்கள் கைக்குக் கிடைக்காததுதான் காரணம். இரண்டாவது, ஓய்வுபெற்று செங்கற்பட்டிலோ சிங்கப்பெருமாள் கோயிலிலோ மறைமலைநகரிலோ இருக்கிறவர்கள் வாரத்தில் ஒரு மாலை பள்ளிக்கு வாருங்கள். இலக்கணம் நடத்த வேண்டாம், நோட்ஸ் கொடுக்க வேண்டாம். மரத்தடியில் நாலு பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஊர்க்கதை பேசிவிட்டுப் போங்கள். மாலை மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் இருப்பதால் நான்கரைக்கு ஆரம்பித்து ஐந்தரைக்கு முடித்துவிடலாம். வர விரும்புகிறவர்கள் தலைமையாசிரியர் அறையில் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.